நான் இருக்கேன்ல

இரண்டாம் பீரியட் தொடங்கிவிட்டது. தலைமையாசிரியை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் மங்கையர்க்கரசி ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்கு விசாரணை. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை ஹெச்.எம். வசந்தகோகிலம் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருந்தார். "படிச்சுப் பாத்துட்டுப் போட்டுடுங்க மங்கை, உங்களுக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்" என்று தோளில் தட்டி அனுப்பியிருந்தார். தாளில் இருந்தது இது: பதினோராம் வகுப்பு ஆ பிரிவு மாணவி ஏ. ஜான்சி, யாருடைய அனுமதியும் இன்றி, மாட்டு உறுப்பு ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்து சக மாணவியரின் மனத்தைப் புண்படுத்தியதோடு, அதைக் கண்டித்த மாணவி தா. கீர்த்திகாவைக் கூரிய கருவியால் தாக்கி ரத்தக்காயம் ஏற்படுத்தியதை நான் நேரில் கண்டேன். யாருடைய அனுமதியும் இன்றி. கண் அந்த மூன்று சொற்களுக்கு வரும், தடுக்கும், மறுபடி மேலே போய் முதல் வரியிலிருந்து வரும், மறுபடி தடுக்கும். எதிரே தூணோரம் ஜான்சியின் அம்மா அமுலு நின்றாள். பெஞ்சில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். "உக்காருங்கம்மா" என்று மங்கை இரண்டு தடவை சொன்னாள். "இருக்கட்டும் டீச்சர்" என்று இரண்டு தடவையும் பதில் வந்தது. அமுலுவுக்குப் பக்கத்தில் ஜான்சி, சுவரைப் பார்த்தபடி. அவள் இடது கன்னத்தில் ஒரு தடமும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மங்கைக்குத் தோன்றியது, தோன்றியதும் தன் மேலேயே அருவருப்பு வந்தது, கன்னம் வீங்கி நீலம் பாரித்துக் கிடந்தால் மட்டும் நீ என்ன செய்திருப்பாய், மருந்தா போட்டிருப்பாய். வலது உள்ளங்கையைப் புடவையில் தேய்த்தாள். முந்தாநாளிலிருந்து தேய்க்கிறாள். உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சத்தம் சத்தமாகவே இல்லை, அதுதான் விசித்திரம். முந்தாநாள் சாப்பாட்டு இடைவேளை, மாடிப்படியில் வந்துகொண்டிருந்தவளுக்கு முதலில் கேட்டது சிரிப்பு, பிறகு டக் என்று ஒன்று, மேசையில் யாரோ ஆணியடித்த மாதிரி, பிறகு ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டு பெண்கள் இருக்கிற அறையில் ஒன்றுமில்லை. அவள் உள்ளே போனபோது கீர்த்திகாவின் கை மேசைமேல் விரிந்திருந்தது, அலறல் அப்போதுதான் வாயை எட்டியிருந்தது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் காம்பஸ் நின்றது. நின்றது என்றால் நட்டு வைத்த மாதிரி. சதையைத் துளைத்து அடியில் இருந்த வரைபட நோட்டையும் துளைத்து மரத்தில் இறங்கியிருந்தது. அதன் தலையை ஜான்சியின் கை பிடித்திருந்தது. விடு என்றாள் மங்கை. விடவில்லை. விடுடி என்று அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பிரிக்கப் பிரிக்க அவை மறுபடி மூடிக்கொண்டன, எவ்வளவு பலம் அந்தக் கைக்கு, கட்டம் கட்டமான தாளில் ரத்தம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கணக்குப் போடுகிற மாதிரி நகர்ந்தது, அப்போதுதான் மங்கை அறைந்தாள். யோசித்து அறையவில்லை. கை போயிற்று. ஜான்சியின் தலை திரும்பி ஜன்னல் கம்பியில் இடித்தது. கை காம்பஸை விட்டது. பிறகு அவள் மங்கையைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அழுகை இல்லை, ஏதோ ஒன்றைச் சரிபார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. தரையில் ஒரு டிபன் பாக்ஸ் கவிழ்ந்து கிடந்தது. குப்பைத் தொட்டியில் எலுமிச்சை சாதம். மஞ்சளாக, வேர்க்கடலை போட்டு, யாரோ காலையில் எழுந்து தாளித்துக் கட்டிக்கொடுத்த சாதம். "உள்ள இன்னா வச்சிருக்கியோ" என்று கீர்த்திகா அதை வாங்கிக் கொட்டினாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இந்தத் தாளில் அது இல்லை. கண்டித்த மாணவி என்று இருக்கிறது.

அன்றைக்கே மூன்று மணிக்குத் தன் அறையில் ஹெச்.எம். கேட்டார். "யாருடி உன்ன மாட்டு ஹார்ட்டக் கொண்டாரச் சொன்னது?" மங்கை ஜான்சிக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். தொண்டையில் வார்த்தை தயாராக இருந்தது, நான்தான் மேடம், மூன்று சொல்கூட இல்லை. ஆனால் கீர்த்திகாவின் அப்பா, மண்டிக்காரர் தாமோதரன் வெளியே கத்துவது கேட்டது, எம்பொண்ணுக்கு நரம்பு அறுந்திருந்தா இந்த ஸ்கூலக் கொளுத்திடுவேன், ஜான்சி திரும்பி மங்கையைப் பார்த்தாள், எவ்வளவு நேரம், ஒரு நிமிஷமா, ஒரு மூச்சா, பிறகு ஹெச்.எம். பக்கம் திரும்பி, "யாரும் சொல்லல மேடம். நானாத்தான் கொண்டாந்தேன்" என்றாள். காப்பாற்றிவிட்டாள். அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றிவிட்டாள். இரண்டு ராத்திரியும் மங்கை இதையே சப்பிக்கொண்டு படுத்திருந்தாள். அறைந்தவளைக் காப்பாற்றுகிற அளவுக்கு என்மேல் அன்பு அவளுக்கு. பதினேழு வருஷ வேலையில் யார் எனக்காக இப்படிச் செய்தார்கள். அழக்கூடச் செய்தாள், அந்த அழுகையில் கொஞ்சம் இனிப்பும் இருந்தது, அதையும் அவள் கவனித்தாள், கவனித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். கணவர் இருட்டில் சொன்னார், "அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டாச்சு, நீ எதுக்குப் பெரட்டிக்கிட்டு இருக்க. கையெழுத்தப் போடு. மாட்டுக்கறி வெவகாரத்துல தலையக் குடுக்காத."

ஜூனில் இந்த வகுப்பு அவளுக்கு வந்தபோது ஜான்சி கடைசி பெஞ்சில் ஒரு மூட்டை மாதிரி இருந்தாள். எழுப்பினால் எழுந்திருப்பாள், கேட்டால் தரையைப் பார்ப்பாள். முதல் தேர்வில் எழுபதுக்கு ஒன்பது. பேப்பரை நீட்டியபோது மங்கை என்ன சொன்னாள், நீயெல்லாம் எதுக்குடி சயின்ஸ் குரூப் எடுத்த, ஆமாம் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து முதன்முதலாக வந்த சத்தம் சிரிப்பு. ஆகஸ்டில், கரும்பலகையில் மங்கை இதயம் வரைந்து, சிவப்பும் நீலமுமாகச் சாக்பீஸ் தீட்டி, திரும்பியபோது கடைசி பெஞ்சு சிரித்தது. கோபத்தில் காது சூடாயிற்று. வகுப்பு முடிந்ததும் நிறுத்தி வைத்துக் கேட்டாள், எதுக்குடி சிரிச்ச. "இல்ல மிஸ். ஹார்ட்டு அப்டி இருக்காது." பின்னே எப்படி இருக்கும்? அந்தப் பெண் கையைக் குவித்துக் காட்டினாள், இடது கையை வலது கைக்குள் வைத்து, "இந்தப் பக்கம் தடியா இருக்கும் மிஸ், அறுத்தா கத்திக்கே கஷ்டம். இந்தப் பக்கம் மெலிசு, வெரல் விட்டா கிழியும். உள்ள நூலு நூலா இருக்கும், மூடி மூடியா, அந்த நூலு மூடியப் புடிச்சினு இருக்கும்." எப்படித் தெரியும்? தலை குனிந்தது. "எங்கப்பா தொட்டில வேல மிஸ். மாடு அறுப்பாரு. கடையும் வச்சிக்கிறோம். நான்தான் லீவு நாள்ல கழுவித் தருவேன்." பதினேழு வருஷமாக இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடிமனானது என்று ஒப்பித்துக் கொடுத்தவள் அதன் தடிமனைத் தொட்டதில்லை. இவள் தொட்டிருக்கிறாள். ஏன் தடி என்று கேட்டாள் மங்கை, நிஜமாகவே தெரிந்துகொள்ள. ஜான்சி முதன்முறையாக நேராகப் பார்த்தாள். "அது ஒடம்பு பூரா தள்ளணும்ல மிஸ். இது பக்கத்துல இருக்கற நுரையீரலுக்குத்தான தள்ளுது." அப்போதுதான் மங்கை கேட்டாள், ஒண்ணு கொண்டுவர முடியுமா. "ஆட்டுதா மாட்டுதா மிஸ்?" எதுல நல்லாத் தெரியும்? "மாட்டுதுதான். பெருசு. நூலெல்லாம் தெரியும்." அப்ப அதையே கொண்டு வா. போனவள் கதவருகே திரும்பி நின்றாள். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா மிஸ்?" மங்கை சிரித்தாள். எவ்வளவு சுலபமாகச் சிரித்தாள். "நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல. கடிகாரத்தில் பத்து முப்பத்தொன்று. அதற்கு முன்னால் அந்த வார்த்தையைத் தன்னிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடினாள், தேடியதும் அப்பாவின் விரல்கள் வந்தன. அவை வரும் என்று தெரிந்தே தேடினாள் போல. திருநெல்வேலியில், ஒன்பது வயதில், கூடப் படித்த செய்யதலி பாத்திமா வீட்டில் அவித்த முட்டை தின்றாள். பாதி முட்டைதான். மிளகு தூவி. வீட்டுக்கு வந்ததும் அப்பா மோந்து பார்த்துவிட்டார். எறும்பை மிதிக்காதவர், கொசுவை ஊதித் துரத்துகிறவர், கொல்லாமை பற்றி மார்கழி மாதம் கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறவர், மகளின் சடையைக் கையில் சுற்றிக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "என்னத்தத் தின்னுட்டு வந்தே மூதி, கக்கு" என்று இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டார். முட்டை முதலில் வந்தது. பிறகு மத்தியானச் சோறு. பிறகு மஞ்சள் தண்ணீர். அப்புறமும் விரல் போயிற்று, நகம் எங்கோ கீறிற்று, சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு இழை விழுந்தது, அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார், வாளியில் தண்ணீர் மொண்டு தன் கையைக் கழுவினார், முழங்கைவரை, நெடுநேரம் கழுவினார், அவளைக் கழுவவில்லை. அம்மா அடுப்படி ஜன்னலில் நின்றாள். அம்மாவின் முகம் ஞாபகம் இருக்கிறது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஏதோ சொல்லப்போகிற மாதிரி. சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவள்மேல் வந்த கோபம் அடித்தவர்மேல் வந்ததே இல்லை. அப்பா செத்தபோது அழுதாள், அம்மா செத்தபோது கண் காய்ந்து கிடந்தது, ஊர் அதைப் பேசிற்று. நீ இப்போது எந்த ஜன்னலில் நிற்கிறாய். தாளின் ஓரம் விரலில் ஈரமாகி நெளிந்தது.

அன்றைக்கு, போன செவ்வாய்க்கிழமை, ஜான்சி எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்தாள். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவியிருந்தாள். மேசையில் செய்தித்தாள் விரித்து அதை எடுத்து வைத்தபோது வகுப்பே பின்னால் சாய்ந்தது. இரண்டு கிலோ இருக்கும். மங்கைக்குக் கிணற்றடி வாயில் வந்து நின்றது, விழுங்கிக்கொண்டாள். பிறகு நடந்ததை அவள் எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்த்ததில்லை. மூட்டை மாதிரிக் கிடந்த பெண் பிளேடு பிடித்தாள், ஒரே இழுப்பு, திறந்தாள், கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டாள், "இதான் மூணு இதழ், இது ரெண்டு, புக்குல போட்டுக்கிறது இதான்", பெருந்தமனிக்குள் மேலிருந்து தம்ளரால் தண்ணீர் ஊற்றினாள், தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றது, வால்வு மூடிக்கொண்டு நின்றது, பின்பெஞ்சுப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள், ஒருத்தி நூலைத் தொட்டாள், ஒருத்தி "ஐயோ இவ்ளோ ஸ்ட்ராங்கா" என்றாள். மங்கையும் விரலை நீட்டித் தொட்டாள். குளிர்ச்சியாக, வழுவழுப்பாக, திடமாக இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அப்போது முதல் பெஞ்சிலிருந்து கீர்த்திகா கேட்டாள், "மிஸ், இது மாடா?" அறை அடங்கிற்று. ஜான்சி கையை உள்ளே வைத்தபடியே மங்கையைப் பார்த்தாள். ஆமாம், மாடுதான், நான்தான் கேட்டேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மங்கை சொன்னாள், "பாலூட்டி. நாலு அறை. டயகிராமப் பாருங்க." கேள்வியைத் தாண்டிப் போகத் தெரிந்தவள் அவள், பதினேழு வருஷம். ஜான்சி தண்ணீரைத் துடைத்தாள், தூக்கை மூடினாள். அந்த இடத்தில்தான் அறுந்தது. காம்பஸ் அதற்கு ஆறு நாள் கழித்துத்தான் வந்தது.

புதன்கிழமை ஜான்சியின் பெஞ்சில் மற்ற மூவரும் முன்னால் நகர்ந்துவிட்டார்கள். மங்கை பார்த்தாள், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வியாழக்கிழமை அவள் உட்கார்ந்த இடத்தில் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள், ஈர பெஞ்சில் அவள் அப்படியே உட்கார்ந்தாள், பாவாடை பின்புறம் நனைந்து ஒட்டிக்கொண்டு எட்டு பீரியட். வெள்ளிக்கிழமை வருகைப் பதிவேட்டில் ஜான்சி என்றதும் எங்கிருந்தோ "ம்ம்மா" என்று ஒரு குரல். கன்றுக்குட்டி மாதிரி. சிரிப்பு. மங்கையின் பேனா அந்தப் பெயரின்மேல் நின்றது. எழுந்து யாருடி அது என்று கேட்டிருக்கலாம், கேட்டால் ஏன் எதற்கு என்று வரும், யார் கொண்டுவரச் சொன்னது என்று வரும், வீட்டுக்குப் போகும், மண்டிக்குப் போகும். பேனா அடுத்த பெயருக்கு இறங்கிற்று. அந்தச் சனிக்கிழமை ஏதோ குறுகுறுப்பில் ஜான்சி வீட்டுக்குப் போனாள். அமுலு வாசலிலேயே நாற்காலி போட்டு, டீ வைக்காமல், பையனை ஓடவிட்டுக் கடையிலிருந்து மூடி உடைக்காத கலர் பாட்டில் வாங்கிவரச் சொன்னாள். ஒருத்தர் கேட்காமலே எதைக் குடிப்பார் எதைக் குடிக்கமாட்டார் என்று அளந்து வைத்திருக்கிற கண். மங்கை அந்த ஆரஞ்சுக் கலரைக் குடித்தாள். பிள்ளைங்க கொஞ்சம் கிண்டல் பண்ணுதுங்க, போகப்போகச் சரியாயிடும் என்றாள். ஜான்சியின் அப்பா ஏகாம்பரம் கறித்துண்டம் போட்டபடி கடையிலிருந்தே கேட்டார், "நீங்க இருக்கறீங்கல்ல டீச்சர்?" இருக்கேன் என்றாள். ஓங்கி இறங்கும் கத்திச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்.

அந்தக் கடை இப்போது இல்லை. நேற்று சாயங்காலம் ஏழெட்டுப் பேர் வந்து கட்டையால் அடித்தார்கள். தராசு, கறி வெட்டும் மரமுட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் ரோட்டில். ஏகாம்பரத்துக்குப் பின்மண்டையில் ஒன்பது தையல். அவர் கையில் கத்தி இருந்ததாம், அதைக் கீழே போட்டுவிட்டுத்தான் அடி வாங்கினாராம், எடுத்திருந்தா நாலு உசுரு போயிருக்கும் டீச்சர், பொண்ணு படிக்குதேன்னு போட்டுட்டாரு, என்று அமுலு காலையில் வந்ததும் சொன்னாள், புகார் சொல்கிற குரலில்கூட இல்லை, பால் பொங்கிப் போயிற்று என்கிற மாதிரி. மங்கையின் மனசு அந்தக் கத்தியை எடுத்தது. அவர் போட்டதை அவள் எடுத்தாள். தாமோதரனின் கழுத்து, மடிப்பு மடிப்பாக, சந்தனம் தடவிய கழுத்து, அதில் இறக்கினாள், பிறகு ம்ம்மா என்று கத்தின வாய், பிறகு ஹெச்.எம்.மின் தட்டுகிற கை, பிறகு அடுப்படி ஜன்னல், எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிட்டுப் பார்த்தால் பெஞ்சில் தாளோடு ஒருத்தி மிஞ்சி உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும். ஜான்சிக்கு டி.சி. அமுலுவோடு தொட்டிக்குப் போவாள், கழுவுவாள், ஒரு வருஷத்தில் கல்யாணம். போடாவிட்டால் என்ன ஆகும். மெமோ. விளக்கம். பேப்பர்க்காரன். பெண்கள் பள்ளியில் மாட்டு இதயம் அறுத்த ஆசிரியை. வீட்டு வாசலில் ஏழெட்டுக் கட்டை. அந்த அடி தன் பின்மண்டையில் விழுவதை அவள் துல்லியமாக உணர்ந்தாள், மயிர்க்காலோடு, சூடாக. எழுந்து பாத்ரூம் போய்விட்டு அப்படியே பின்கேட் வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம். எழுந்தாள். அமுலு அவள் எழுந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மரியாதையாக நிமிர்ந்து நின்றாள். மங்கை மறுபடி உட்கார்ந்தாள். பேனாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். பெருக்கல் குறிமேல் நிப்பை வைத்தாள், ஒரு புள்ளி மை விழுந்து பரவியது, யாருடைய அனுமதியும் இன்றி, யாருடைய அனுமதியும், மணி அடித்துவிட்டது.

உள்ளே ஹெச்.எம்., பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பக்தவச்சலம், தாமோதரன், அவர் பக்கத்தில் கையில் வெள்ளைக் கட்டுப் போட்ட கீர்த்திகா. மங்கையை மட்டும் கூப்பிட்டார்கள்.

"போட்டாச்சா மங்கை?"

"இல்ல மேடம். இதுல இருக்கறது உண்மை இல்ல."

"எது?"

"யாருடைய அனுமதியும் இன்றிங்கறது." தன் குரல் இவ்வளவு மெலிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. "கொண்டுவரச் சொன்னது நான். ஆடா மாடான்னு அந்தப் பொண்ணு கேட்டா. மாடுன்னு சொன்னதும் நான்தான்."

தாமோதரன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "நீயா? நீயாடி?" மேசையில் குத்தினார், மேலிருந்த கண்ணாடித் தம்ளர் உருண்டு விழுந்து உடைந்தது. "நாங்க கும்புடற மாட்ட அறுத்துக் காட்டிப் பாடம் நடத்துனியா? பொம்பளையாப் போய்ட்ட, இல்லன்னா இங்கியே பொளந்திருப்பேன்!" பக்தவச்சலம் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். மங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தபடியே மிச்சத்தையும் சொன்னாள், நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். பெஞ்சைக் கழுவினார்கள், நான் பார்த்தேன். மாடு மாதிரிக் கத்தினார்கள், நான் கேட்டேன், அடுத்த பெயரைப் படித்தேன். சாப்பாட்டைக் கொட்டினார்கள். ஜான்சி குத்தினது தப்பு, அதற்குத் தண்டனை கொடுங்கள். ஆனால் நான் அவளை அறைந்தேன், ஜன்னல் கம்பியில் இடித்தது, அதையும் எழுதுங்கள்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றார் ஹெச்.எம். அந்தக் குரலில் தட்டிக்கொடுத்த கை இல்லை.

"பயந்துட்டேன் மேடம்."

"அப்பா," என்றாள் கீர்த்திகா, கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே. "சாப்பாட்டக் கொட்டுனது நான்தான்."

"வாய மூடு நீ."

ஹெச்.எம். அம்மாவையும் மகளையும் உள்ளே கூப்பிட்டார். ஜான்சி உடைந்த கண்ணாடியைப் பார்த்து, செருப்பில்லாத அம்மாவின் காலைப் பார்த்து, அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள்.

"மங்கை மிஸ்தான் கொண்டாரச் சொன்னாங்களா?"

"ஆமா மேடம்."

"அப்ப அன்னிக்கு ஏன் பொய் சொன்ன? மிஸ்ஸக் காப்பாத்தவா?"

மங்கை நிமிர்ந்தாள். தன்னையறியாமல், இத்தனைக்கும் நடுவில், அந்தப் பதிலுக்காக நெஞ்சு ஏங்கி நிமிர்ந்தது.

"இல்ல மேடம்" என்றாள் ஜான்சி. கொஞ்சம் யோசித்தாள், சரியான சொல் கிடைக்கவேண்டும் என்கிற மாதிரி. "மிஸ் சொல்லுவாங்கன்னு பாத்தேன். பாத்துக்கினே இருந்தேன். சொல்லல. அப்புறம் நான் மிஸ்தான்னு சொன்னாலும் அவங்க இல்லன்னு சொல்லிடுவாங்கன்னு தோணிச்சி. அதான் நானே சொல்லிக்கினேன்."

இரண்டு ராத்திரி சப்பிய இனிப்பு வாயிலேயே புளித்தது. காப்பாற்றவில்லை. அந்தப் பெண் அன்றைக்கு ஒரு நிமிஷம் முழுக்க நம்பினாள், பிறகு கணக்கை முடித்தாள், மங்கை அதை அன்பு என்று எடுத்து வைத்துக்கொண்டாள். தன்னைப் பற்றி இதைவிடக் கேவலமாக அவளிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை, இதைவிட நிதானமாகவும். அவளுக்கு அழுகை வரவில்லை. அழ அவளுக்கு இடம் இல்லை அங்கே.

பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிட்டது. டி.சி. இல்லை. ஜான்சிக்குப் பதினைந்து நாள் நீக்கம், கீர்த்திகாவிடம் எழுத்தில் மன்னிப்பு. மங்கைக்கு மெமோ, மூன்று நாளில் விளக்கம், முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல். கீர்த்திகாவுக்கு எதுவும் இல்லை. தாமோதரன் நேரே ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று கத்திவிட்டுப் போனார். போகவில்லை. கடையை உடைத்தது யார் என்கிற கேள்வியும் அங்கே கிடப்பது அவருக்குத் தெரியும். மங்கை புதிய தாளில் தன் கையாலேயே நடந்ததை எழுதினாள், இரண்டு பக்கம், பெருக்கல் குறி இல்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது அம்மாவும் மகளும் கேட்டுக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தார்கள். வெயிலில் ஓடினாள் மங்கை. போய் நின்றதும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"அறைஞ்சதுக்கு மன்னிச்சிரு ஜான்சி."

"அடி இன்னா மிஸ்" என்றாள் ஜான்சி. "எங்கூட்லயும் அடிப்பாங்கோ." அடி அல்ல விஷயம் என்பதைக்கூட அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அமுலு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ ஒன்று நிற்காமல் போயிற்று.

"பதினஞ்சு நாள் கழிச்சு வருவியா? என் க்ளாஸுக்கு?"

"வருவேன் மிஸ். பரிச்ச இருக்குதே." அடுத்த ஆட்டோ வந்து நின்றது. அமுலு ஏறி, மகளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். ஜான்சி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஆனா க்ளாஸ்ல நான் ஒண்ணும் பேச மாட்டேன். எழுப்பிக் கேக்காதீங்க மிஸ்."

"கேக்க மாட்டேன்" என்றாள் மங்கை.